பார்த்தது முதுகுதான்

ஆரோக்கியசெல்வி திண்டிவனம் கோர்ட்டில் கூண்டேறிய அன்று அரசு வக்கீல் கேட்டது ஒரே கேள்விதான். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் கொட்டாய் எரிந்த காலையில் அங்கிருந்து ஓடியது யார்? மணிகண்டன் என்று செல்வி ஏற்கெனவே போலீசில் சொல்லியிருந்தார். அதையே திருப்பிச் சொன்னால் போதும்.

"முதுகைத்தாங்க பார்த்தேன். மூஞ்சியப் பார்க்கல."

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினார். "போலீஸ்ல பேரு சொல்லியிருக்கியேம்மா?"

"சொன்னேங்க. அது பொய்."

யாராவது மிரட்டினார்களா, ஏதாவது கொடுத்தார்களா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். இல்லை என்றார். பிறழ்சாட்சி என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வேறு சாட்சி இல்லாததால் மூன்று மாதத்தில் மணிகண்டன் விடுதலையானார்.

மரக்காணத்தில் ஒரு டீக்கடையில் இதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு மண்டைக்குள் ஒரே குடைச்சல். யாரும் நெருக்காதபோது ஒருவர் தன் பொய்யைத் தானே எதற்காக ஊரறியப் போட்டு உடைக்க வேண்டும்? செல்வியையே போய்ப் பார்த்தேன். வேலை முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் கோர்ட்டுல என்ன சொன்னேன்னுதான் கேட்கிறாங்க. மொதல்ல ஏன் பொய் சொன்னேன்னு யாரும் கேட்கலைங்க," என்று அவரே ஆரம்பித்தார்.

செல்விக்கு நாற்பத்தைந்து வயது. பதினேழு வயதிலிருந்து உப்பளக் கூலி. வீட்டுக்காரர் புதுச்சேரியில் கொத்தனார் வேலைக்குப் போகிறவர். அவர்கள் காலனியிலிருந்து உப்பளத்துக்குக் குறுக்குவழி, மீனவர் குப்பத்தின் ஓரமாகப் போகிறது. இல்லையென்றால் ஈ.சி.ஆர். ரோட்டைச் சுற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதலாக நடக்க வேண்டும். காயப்போட்ட வலையை உப்பளத்துப் பெண்கள் மிதிக்கிறார்கள் என்று ஒருநாள் குப்பத்து மணிகண்டன் வழியை மறித்தார். வார்த்தை தடித்தது. செல்வியின் கூடையைப் பிடுங்கி எறிந்தார். எல்லோரும் பார்த்தார்கள். அன்றோடு அந்த வழி அடைபட்டது.

அடுத்த வாரம் விடியற்காலையில் கொட்டாய் எரிந்தது. புகைக்கு நடுவே யாரோ ஓடினார்கள். யாரென்று போலீஸ் கேட்டது.

"யோசிச்சு சொல்லலைங்க. அந்தப் பேரு நாக்குலயே இருந்துச்சு. சொன்னதும் ஒரு மாதிரி சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

மணிகண்டன் பத்தொன்பது நாள் ஜெயிலில் இருந்தார். பிறகு இரண்டு வருடம் வாய்தா வாய்தாவாக அலைந்தார். அந்த இரண்டு வருடமும் செல்வி ஒரு ஞாயிறு பூசையைக்கூடத் தவறவிடவில்லை. கோயில் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம்கூடச் செய்தார். கோபப்பட்டேன், சண்டை போட்டேன் என்றெல்லாம் சொன்னார். இதை மட்டும் சொல்லவில்லை.

"மறைச்சீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. பாவம்னே தோணல. அவரு செஞ்சதுக்குச் சரியாப் போச்சுன்னு இருந்தேன்."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அது மாறியது. அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்தோறும் இந்துப் பெண்களும் மெழுகுவத்தி ஏற்ற வருவார்கள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். செல்வி கைகூப்பிப் பின்பக்கம் திரும்பினார். அங்கே நின்றது மணிகண்டனின் மனைவி சத்யப்ரியா. சுற்றியிருந்தவர்கள் செய்ததைப் பார்த்து அவரும் கைகூப்பி, "சமாதானம்க்கா," என்றார்.

சத்யப்ரியாவை நான் தனியாகச் சந்தித்தேன். ஆள் தெரிந்துதான் கும்பிட்டாரா?

"தெரியாம என்ன? அவங்கதான் சாட்சின்னு ஊருக்கே தெரியும். உள்ள எனக்குப் பத்திக்கிட்டு எரிஞ்சுது. ஆனா கேசு முடியணும்னு வேண்டிக்க வந்துட்டு, சாமி எதிர்க்கவே மூஞ்சியத் திருப்பிக்கிறதா?"

அந்தச் சமாதானத்தைக் கேட்டதும் செல்வியின் கூப்பிய கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. பதிலுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்று நற்கருணை அப்பம் வாங்கவும் போகவில்லை. பூசை முடிந்ததும் பங்குச்சாமியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். பாவமன்னிப்புக் கிடைத்தது. எழுந்திருக்காமல் ஒன்று கேட்டார்.

"கடவுள் மன்னிச்சிட்டாருன்னா அவரு மேல இருக்கிற கேசு போயிடுமா ஃபாதர்?"

"போகாதும்மா. அது நீ போட்டது. நீதான் எடுக்கணும்."

சில வாரத்தில் கோர்ட் சம்மன் வந்தது.

உண்மை சொன்னதற்கு மறுநாளே விலை கொடுக்க வேண்டியிருந்தது. கொட்டாய் எரிந்த உப்பளத்தின் மேஸ்திரி ஆதிமூலம், "இனிமே உனக்கு இங்க வேலை இல்ல," என்றுவிட்டார். குப்பத்துக்காரனுக்காக நம்மை விட்டுக்கொடுத்தாள் என்று காலனிப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். செல்வி அதோடு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. தீர்ப்பு வந்த வாரம், தனியாக மணிகண்டன் வீட்டுக்குப் போனார்.

மன்னிப்புக் கேட்டதும் மணிகண்டன் கத்தினார். "ரெண்டு வருஷம் கொளுத்துனவன்னு பேரு எடுத்தேன். இங்க வந்து காதோட காதா சொன்னா ஆச்சா? எங்க ஊரு கூடுற எடத்துல சொல்லு."

ஞாயிறு மாலை குப்பத்துக் கோயில் முன்னால் ஊர் கூடியது. செல்வி எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். சிலர் திட்டினார்கள். திட்டு அடங்கட்டும் என்று நின்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "எல்லாத்தையும் சொல்றியே, அன்னிக்கு வலைய மிதிச்சீங்களா இல்லியா?"

"மிதிச்சோம். நானும்தான். நேரமாயிடும்னு பார்க்காம நடந்துட்டோம்."

அந்தப் பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு பேச்சு வழியைப் பற்றித் திரும்பியது. வலையைக் கடல் பக்கமாகக் காயப்போடுவது, பெண்கள் வேலியோரமாகப் போவது என்று முடிவானது. இரண்டே வாரத்தில் வழி திறந்தது. செல்வியோடு பேசாத பெண்கள்தான் அதில் முதலில் நடந்தார்கள்.

நான்கு மாதம் கழித்து வேறொரு உப்பளத்தில் செல்விக்கு வேலை கிடைத்தது. கொட்டாயைக் கொளுத்தியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. மணிகண்டன் செல்வியோடு பேசுவதில்லை. அது வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"பேசுங்கன்னு கேட்கிற உரிமை எனக்கு இல்லைங்க. அவருக்காக வேண்டிக்கிறேன், அவ்வளவுதான்."

இப்போது அவர் வேறொரு வேலையில் இறங்கியிருக்கிறார். உப்பளங்களில் பெண்கள் ஒதுங்க ஒரு நிழலும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும் என்று கலெக்டருக்கு மனு. காலனியில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உப்பளத்தில் கால் வைக்காத குப்பத்துப் பெண்கள் பதினொரு பேரும் போட்டிருக்கிறார்கள். அவர்களில் முதல் கையெழுத்து சத்யப்ரியாவுடையது. பதில் இன்னும் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை செல்வியும் சத்யப்ரியாவும் மறுபடி கலெக்டர் ஆபீசுக்குப் போகிறார்கள்.