ஸ்டோரில் காய்ந்த கிட்டார்

துருப்பிடித்த கம்பியை அழுத்திய விரல்நுனியில் ஒரு வாடை ஏறும். செப்புக்காசை வெகுநேரம் கைக்குள் பொத்திவைத்திருந்தால் வருமே, அந்த வாடை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது, சோறு பிசையும்போது அதுதான் முதலில் மூக்கில் ஏறும், "கையக் கழுவுனியா இல்லையா" என்று ஆத்தா தினமும் கேட்பாள். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்பதே மறந்துபோகிறது, இந்த வாடை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. எழுதிவிட்டாலாவது விட்டுத் தொலையாதா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயது. போடியிலிருந்து மலையேறும் பாதையில், சரிவில் இருந்த ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் எங்கள் அப்பா, அப்பு என்றுதான் கூப்பிடுவோம், "ஸ்டோர்" பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோர் என்றால் கடை இல்லை, பறித்த பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக உள் அறைக்குள் ஓடும், அடுக்கடுக்கான தட்டுகளில் காயைப் பரப்பிக் கதவைச் சாத்திவிட்டால் ஒன்றரை நாளில் பச்சை மாறாமல் கலகலவென்று காய்ந்துவிடும். மழைக்காலத்தில் எங்களுக்கு இருந்த சூடான இடம் அது ஒன்றுதான் என்பதால் ஈரக் கம்பளி, நமுத்த தீப்பெட்டி, கசிந்த உப்பு, நனைந்த செருப்பு என்று சகலமும் அங்கேதான் காயப் போகும்.

தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய துரை, சாமான்களைக் கட்டிக் கொடுத்ததற்காக என் அண்ணன் முத்தையாவிடம் ஒரு கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, தோட்டத்தில் ஆள்பேர் எழுதும் வேலை. ஆறு கம்பியையும் எப்படிச் சுருதி சேர்க்கவேண்டும் என்று துரையும் சொல்லவில்லை, அந்த மலையில் வேறு யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் மனம்போன போக்கில் முறுக்கினோம். அவன் ஆணியைத் திருகுவான், நான் பலகையில் காதை ஒட்டிக்கொண்டு "போதும்ணே" என்பேன். ஒவ்வொரு சேர்க்கையையும் "கட்டு" என்று சொல்லிப் பெயர் வைத்தோம். தடித்த கம்பியை அது மரத்தில் தட்டி உறுமுகிற அளவுக்குத் தளர்த்தினால் "ஜீப்புக்கட்டு". மெல்லிய கம்பிகள் இரண்டையும் ஆத்தா எங்களைச் சாப்பிடக் கூப்பிடும் குரலுக்குச் சேர்த்தால் "ஆத்தாக்கட்டு". அதை மீட்டும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து, "என்னையவா நக்கலடிக்கிறீக? அந்த நேரத்துக்கு நாலு வெறகு பொளந்தாலும் ஒரு சோலி முடியும்" என்று சத்தம் வரும்.

ஒருநாள் எதையோ முறுக்கப்போய், ஆறு கம்பியும் ஒன்றோடொன்று சண்டை போடாத ஓர் இடத்தில் வந்து நின்றன. எங்கும் அழுத்தாமல் சும்மா இழுத்துவிட்டாலே நிறைவாகக் கேட்டது. ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்து நகர்த்தினால் எந்தப் பாட்டும் வந்தது. அதற்கு "சும்மாக்கட்டு" என்று பெயர். அந்தக் கட்டு வந்த பிறகு அண்ணன் வாசிப்பதைக் கேட்கக் காய் பறிக்கிற பெண்கள்கூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்பார்கள்.

புதிதாக வந்த மானேஜர் கோட்டயத்துக்காரர். அவரும் நின்று கேட்டார். "ஆரு படிப்பிச்சது முத்தையா?" என்றார். "ஆரும் இல்ல சார், நாங்களா முறுக்குனதுதான்" என்றான் அண்ணன். அவருடைய மச்சினன் கொச்சியில் ஓர் ஓட்டலில் பாட்டுக் கோஷ்டி நடத்துகிறானாம், ஞாயிற்றுக்கிழமை மேலே கிளப்புக்கு வருகிறானாம், அதற்கப்புறம் கொச்சிக்குத் திரும்பிக் கோஷ்டியோடு கப்பலேறிக் கொழும்புக்குப் போய்விடுவானாம். வாசித்துக் காட்டினால், பிடித்திருந்தால், கையோடு கூட்டிக்கொண்டு போவான் என்றார்.

அன்றிலிருந்து அண்ணன் தரையில் நடக்கவில்லை. கொச்சியில் கடல் இருக்கும், மின்விளக்கு இருக்கும் என்று வாய் ஓயாமல் பேசினான். ஆணிப்பக்கம் என் கை போனால், "தொடாத பாப்பா, கலைஞ்சுரும்" என்று தட்டிவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. இவன் போய்விட்டால் அந்த மழையிலும் மூட்டத்திலும் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

அந்த வாரம் பிடித்த மழை விடவேயில்லை, ஈரத்தில் கிட்டாரின் ஒலி மங்கிவிட்டது. அப்படி ஆனால் ஸ்டோர் வாசற்படியருகே ஒரு மணி நேரம் சாத்திவைத்து எடுப்பது அண்ணனின் வழக்கம், ஒலி தெளிந்துவிடும். வெள்ளிக்கிழமை காலையில் அவன் தைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்கப் போடிக்கு இறங்கினான். "வாசப்பக்கம் கொஞ்ச நேரம் வச்சு எடுத்துரு பாப்பா, நாளைக்கு வந்துர்றேன்" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனான்.

நான் அதைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குள் போனேன். குழாய் வளைந்து போகிற மூலையில், மேல்தட்டில் படுக்கவைத்து ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். சற்று நேரத்தில் அப்பு வந்து கதவைச் சாத்தி அடுப்பை மூட்டினார். சாத்திய கதவை நடுவில் திறந்தால் காய் வெளுத்துவிடும் என்பதால் யாரும் திறக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தபோது முதுகுப் பலகை வாயைப் பிளந்திருந்தது, கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை பெயர்ந்து தொங்கியது. அண்ணன் புதுச்சட்டைப் பொட்டலத்தோடு நின்றான். "நல்லாக் காயட்டும்னு வச்சேண்ணே" என்றேன். "புள்ள நல்லதுக்குத்தான செஞ்சா, அவள ஏசாதடா" என்றாள் ஆத்தா. அவன் ஏசவில்லை. "விடு பாப்பா, ஒனக்கென்ன தெரியும்" என்று என் தலையைத் தடவினான்.

தெரியும். அந்த மூலையில் வைத்த மரத்தட்டுகள் ஒவ்வொன்றாக வெடித்ததைப் பார்த்துத்தான் அப்பு அங்கே மட்டும் கம்பிவலைத் தட்டு மாற்றியிருந்தார். மாற்றியபோது ஆணி எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கிளப்புக்குக் கூட்டிப்போக மானேஜரின் ஜீப் வந்தது. அண்ணன் போய் விஷயத்தைச் சொன்னான், மானேஜர் "கஷ்டமாயி" என்றார், ஜீப் அவனில்லாமல் மேலே ஏறிப் போயிற்று. எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த ஏழாவது வருஷம் எனக்குத் தூத்துக்குடியில் கல்யாணம் ஆயிற்று. போடியில் பெட்டியைத் தூக்கி பஸ்சில் வைத்துவிட்டு, "வெரசா ஏறு, சன்னல் சீட்டு போயிரும்" என்று அவசரப்படுத்தியவன் அண்ணன்தான். நான் ஏறிக்கொண்டேன். அவன் திரும்பி மலைக்கு நடந்தான்.

இப்போது அங்கே விறகு அடுப்பு இல்லை, மின்சாரத்தில் உலர்த்துகிறார்கள். பழைய ஸ்டோரை இடித்த இடத்தில் ஜீப்புகள் நிற்கின்றன. போன ஆடியில் அண்ணனும் போய்விட்டான். அப்புவுக்குப் பின் அதே ஸ்டோர் வேலையை ஓய்வு பெறும்வரை பார்த்தவன். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவன் மகன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "அப்பாவுக்கு இந்த மலைன்னா உசுரு. இத விட்டு எங்கயும் போகணும்னு ஒருநாளும் நெனச்சதில்ல. இல்லையா அத்தை?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.