ஐந்து புள்ளிகள்

ஆபீசில் அவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர். அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிகளின் சுருக்கத்தை எல்லாம் படித்து, எது எந்த நோயைப் பற்றியது என்று தலைப்புக் கொடுத்து, கணினிப் படத்தில் ஒன்றுக்கு ஒரு புள்ளி வைப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடத்தில் கண்ணாடி பவர் மூன்று முறை ஏறியது. பதவி ஒருமுறைகூட ஏறவில்லை.

படத்துக்கு இரண்டு விதிகள். ஐந்து புள்ளி சேராத நோய்க்குத் தனிப் பெயர் கிடையாது, 'மற்றவை' என்ற மூலையில் போய் விழும். முடிந்துபோன ஆராய்ச்சியின் புள்ளியை அழிப்பதும் கிடையாது. படம் நிறைந்திருந்தால் மேலதிகாரிகளுக்கு மனம் நிறையும். இரண்டு யோசனையையும் சொன்னவளே அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல பெயர் வாங்கும் ஆசையில்.

அவளுடைய அக்கா மகளுக்குத் தசை கரையும் நோய். அதன் பெயர் யார் வாயிலும் நுழையாது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணால் சீப்பைத் தூக்க முடியாது, அக்காதான் தலை வாரிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரிக்கொண்டே கேட்டாள்.

"உலகத்துல இருக்கிற நோய்க்கெல்லாம் புள்ளி வைக்கிறியே, உன் படத்துல இவ எங்கடி இருக்கா?"

"மற்றவைல இருக்காக்கா."

"வீட்டுப் பொண்ணு உனக்கு மற்றவையா?"

அது நெஞ்சில் தைத்தது. அந்த மாதம்தான் கமிட்டி கூடி, புதிதாக ஒரு நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்குவதாக இருந்தது. அக்காவும் மனு எழுதிப் போட்டிருந்தாள். ஆனால் படத்தில் பெயரே இல்லாத நோயை யார் சீண்டுவார்கள்? புள்ளியக்கா சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டுப் பழைய கோப்புகளைக் கிளறினாள். நடந்துகொண்டிருப்பவை இரண்டே இரண்டு. முடிந்துபோனவை மூன்று, அதில் ஒன்று மீனை வைத்துச் செய்தது என்பதால் அவளே முன்பு விலங்குகள் பக்கம் தள்ளிவிட்டிருந்தாள். அதையும் இழுத்து வந்தாள். ஐந்து! படத்தில் முதல்முறையாக அந்த நோயின் பெயர் வந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

கமிட்டி கூடிய அன்று பின்வரிசையில் உட்கார்ந்து படத்தைத் திரையில் காட்டினாள். தலைவர் அக்காவின் மனுவை வாசித்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"இந்த வருஷம் யாரும் தொடாத நோய்க்குத்தான் பணம்னு இப்பத்தானே முடிவு பண்ணோம்? இதுக்கு ஏற்கெனவே அஞ்சு இருக்கே. அடுத்ததைப் பாருங்க."

அவள் பதறிப்போய் எழுந்தாள்.

"ஐயா, அதுல மூணு எப்பவோ முடிஞ்சு போச்சுங்க."

"முடிஞ்சதையெல்லாமா வச்சிருக்கீங்க? அப்ப இத்தனை வருஷமா நாங்க பார்த்த படம் தப்பா? யாரும்மா போட்டது?"

அறை மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. மேலதிகாரி கண்ணாலேயே உட்காரச் சொன்னார். அவள் ஓய்வு பெற நான்கு வருடம் பாக்கி.

"இல்லீங்கய்யா. படம் சரிதான். நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

உட்கார்ந்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். போட்டது அந்தப் பெண்ணின் தலையில்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது போன் அடித்தது.

"என்னடி ஆச்சு? நம்ம புள்ளியப் பார்த்தாங்களா?" என்றாள் அக்கா.

"பார்த்தாங்கக்கா," என்றாள். "எல்லாரும் பார்த்தாங்க."