தாடி எடுத்த கோஷ்டியும் மேனாம்பேடு கேசட் கடையும்

கேசட் கடை நடத்த பாட்டு பிடிக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை, பாட்டு பிடித்தவர்களைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். சலூனோ டீக்கடையோ வாடகை சைக்கிள் கடையோ, எதை நடத்தியவராக இருந்தாலும், வியாபாரத்துக்கு வராமல் வாதத்துக்கு வந்து பெஞ்சைத் தேய்த்த ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இது உங்களுக்காக எழுதியது.

எண்பதுகளில் அம்பத்தூர் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் ரெக்கார்டிங் சென்டர், கேசட் விற்பதோடு கேட்ட பாட்டைப் பதிந்தும் கொடுப்போம். கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. ஷிப்டு முடிந்து வந்தால் அவர் கடைக்காரர், மற்ற நேரமெல்லாம் நான். பக்திப் பாட்டு கேட்பவர்கள் வந்தோம் போனோம் என்று இருப்பார்கள். சினிமாப் பாட்டு கேட்பவர்கள் பேரம் பேசிவிட்டுப் போவார்கள். இங்கிலீஷ் பாட்டுக்காரர்கள் மட்டும் போகவே மாட்டார்கள்.

அவர்களில் முக்கியமானவர்கள் குணாவும் ஸ்டான்லியும். குணா சேக்காட்டுப் பையன், அப்பாவைப் போலவே அதே ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டர், டிரம்ஸ் வாசிப்பான். ஸ்டான்லிக்கு முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீடு, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கிளார்க், சர்ச்சில் கிடார் கற்றவன். இருவரும் ஒரு வெள்ளைக்கார ராக் கோஷ்டிக்கு அடிமைகள். கோஷ்டியின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள். அட்டைப் படத்தில் அஞ்சு பேரும் மார்பு வரை தாடியோடு இருந்ததால், எங்கள் கடையில் அவர்களுக்குத் தாடிக் கோஷ்டி என்று பெயர்.

முகம் தெரிந்த நாள்

கோஷ்டியின் புது கேசட் வந்த அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வந்து இறங்கினார்கள். நான் கேசட்டை எடுத்து நீட்டினேன். அட்டையில் அஞ்சு பேரும் மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கடற்கரையில் சிரித்தபடி நின்றார்கள். "இது யாரு அக்கா?" என்றான் குணா. யாரோ வேண்டியவர் தவறிவிட்ட மாதிரி இருந்தது அவன் குரல்.

பாட்டைப் போட்டேன். பழைய கேசட்டில் ஒரு பாட்டு ஆரம்பித்தால் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றிவிட்டு வரலாம், அதற்குள் பாட ஆரம்பித்திருக்க மாட்டார்கள். இதுவோ குக்கர் விசில் வருவதற்குள் முடிந்துவிட்டது. கேட்டால் கூடவே முணுமுணுக்கத் தோன்றுகிற மெட்டு. என்னையறியாமல் தலை ஆடிவிட்டது.

"நல்லாத்தானேடா இருக்கு? எத்தன வருஷம்தான் அவங்களும் சோகமாவே பாடுவாங்க?" என்றான் ஸ்டான்லி. குணா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "கமர்ஷியல் ஆயிட்டானுங்கடா. நிர்மலாக்காவுக்கே புடிச்சிருக்கு பாரு, அப்புறம் இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

விசில்

அதற்குப் பிறகு தினமும் இதே பேச்சு. கோஷ்டி கெட்டுப்போனது எந்த கேசட்டில், எந்தப் பாட்டில், எந்தப் பாட்டின் எந்த இடத்தில் என்று குணா ஆராய்ச்சி செய்வான். நாலு பேர் வந்து கேட்டால் கெட்டுப்போய்விடுவதற்கு அது என்ன பாட்டா, பாலா என்று ஸ்டான்லி கேட்பான். நடுவில் யாராவது பெண்மணி அம்மன் பாட்டு கேட்டு வந்தால், இருவரும் எழுந்து மரியாதையாக வழிவிட்டு, அவர் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

ஒருநாள் கடை வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் ராஜி, அந்தக் கடற்கரை கேசட்டின் முதல் பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தார். தினம் எங்கள் கடையிலிருந்தே கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். குணா என்னிடம் திரும்பி, "பார்த்தீங்களாக்கா, ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் வந்துடுச்சு. அவ்ளோதான், முடிஞ்சுது" என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

ராஜி துணியை உதறினார். கோபமெல்லாம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்: "இன்னா நைனா, நீ கேட்டா பாட்டு நல்லா கீது, நான் கேட்டா கெட்டுப் பூட்ச்சா?"

பரீட்சை

இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று ஸ்டான்லி ஒரு யோசனையோடு வந்தான். பழைய கேசட், புது கேசட் இரண்டிலிருந்தும் டிரம்ஸ் மட்டும் வருகிற இடங்களைத் துண்டு துண்டாகக் கலந்து பதிவு செய்து கொடுக்கச் சொன்னான். குணா கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, எது பழசு எது புதுசு என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டால் இனிமேல் கடையில் வாயே திறக்கக்கூடாது. எனக்கு இதில் பெரிய ஆர்வம், கடை அமைதியாகுமே என்று. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பதிவு செய்தேன்.

குணா ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு துண்டும் ஆரம்பித்த உடனேயே, புதுசு, ரெண்டாவது பக்கம், கடைசிக்கு முன் பாட்டு என்று விலாசமே சொன்னான். ஸ்டான்லி கேசட்டை நிறுத்திவிட்டு, "டேய், புது கேசட்டைக் கையால தொடமாட்டேன்னு சொன்ன?" என்றான்.

குணா கொஞ்சமும் அசரவில்லை. "தினமும் கேக்காம ஒரு கேசட்டை எப்பிட்றா முழுசா திட்ட முடியும்?"

குவார்ட்டர்ஸ் கலைவிழா

அந்த வருஷம் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் நடந்த கலைவிழாவில் இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பாட்டு வாசிக்க இடம் கிடைத்தது. ஸ்டான்லி கடற்கரைப் பாட்டு என்றான். குணா தாடிக் காலத்துப் பாட்டு என்றான். கடைசியில் ஸ்டான்லிதான் விட்டுக்கொடுத்தான். என் கணவருடன் நானும் போயிருந்தேன். சின்னப் பிள்ளைகளின் கும்மிக்கும் மாறுவேடப் போட்டிக்கும் நடுவில் இவர்கள் ஏறினார்கள். பாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்துக்கொண்டே இருந்தது. முன்வரிசை அதிகாரிகளின் மனைவிமார் ஊர்க்கதை பேசத் தொடங்கினார்கள். மாறுவேடத்தில் திருவள்ளுவராக வந்த குழந்தை மேடை ஓரம் தூங்கிவிட்டது. விழாச் செயலாளர் படிக்கட்டில் நின்று, சீக்கிரம் முடியுங்கள் என்று கையைச் சுழற்றினார்.

ஸ்டான்லிக்கு வியர்த்துக் கொட்டியது. கிடார் தனியாக வருகிற இடம் வந்ததும், விரல் தானாக நழுவி கடற்கரைப் பாட்டுக்குப் போய்விட்டது. ஹாலுக்கே உயிர் வந்தது. ரேடியோவிலும் டீக்கடையிலும் கேட்டுப் பழகிய மெட்டாயிற்றே! பிள்ளைகள் எழுந்து ஆடின. குணா வாசிப்பதை நிறுத்தினான். குச்சிகளை டிரம்மின் மேல் பதமாக வைத்துவிட்டு, பக்கவாட்டில் இறங்கி நடந்து போய்விட்டான். மிச்சப் பாட்டுக்கு ஜனங்களே கைதட்டித் தாளம் போட்டார்கள்.

அன்றோடு பேச்சு நின்றது. சின்ன வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள். வாசலில் குணாவின் சைக்கிள் நின்றால் ஸ்டான்லி உள்ளே வரமாட்டான், எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பான். கடையில் சத்தமே இல்லை. எந்த அமைதிக்கு ஆசைப்பட்டேனோ அது வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "ஹாலே கை தட்டுச்சே, அப்புறம் ஏன்டா இப்படி இருக்கே?" என்று ஸ்டான்லியிடம் ஒருநாள் கேட்டேன். "தட்டுச்சுக்கா. எனக்கு அவன் நிறுத்தினது மட்டும்தான் கேட்டுது."

பெண் வந்து கேட்ட பாட்டு

குணாவுக்குப் பூந்தமல்லியில் பெண் நிச்சயமானது. ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணே சித்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பெயர் சுமதி, டைப்பிஸ்ட். "அவர் ஏதோ இங்கிலீஷ் பாட்டுன்னா உயிரை விடுவாராம், அவரோட தங்கச்சி சொன்னா. அது எந்தப் பாட்டு அக்கா? எனக்கும் தெரிஞ்சிருக்கணும்ல" என்றாள். தாடி கேசட், கடற்கரை கேசட் இரண்டையும் போட்டுக் காட்டினேன். தாடியைக் கேட்கும்போது துப்பட்டா நுனியைப் பிசைந்துகொண்டு, "இதைக் கேட்டுட்டு அவர் ஒழுங்கா சாப்பிடுவாராக்கா?" என்று கவலைப்பட்டாள். கடற்கரை வந்ததும் முகம் மலர்ந்தது.

ரெண்டுமே அவருக்குத் தெரியுமா என்றாள். ரெண்டும் தலைகீழ்ப் பாடம் என்றேன், அது உண்மைதானே. கடற்கரையை மட்டும் வாங்கிக்கொண்டாள். சித்தி ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இது: "பழசுல யாரோ செத்துட்டாங்க போலிருக்கு சித்தி. புதுசுல அவங்க பொழச்சு வந்துட்டாங்க."

பூந்தமல்லி ரிசப்ஷன்

ரிசப்ஷனுக்குப் பெண் வீட்டார் சினிமா மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். குழுவின் கிடார்காரருக்குக் காய்ச்சல் என்று, அவருக்குப் பதிலாக ஒரு ஆள் வந்திருந்தான். அது ஸ்டான்லி! யாருடைய கல்யாணம் என்று தெரியாமலே ஒப்புக்கொண்டு வந்திருக்கிறான், வாசல் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். அவனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. மேடையில் கோட்டும் மாலையுமாக குணா, கீழே கிடாரோடு அவன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

நடுவில் சுமதி குழுத் தலைவரை அழைத்துக் காதில் ஏதோ சொன்னாள். "மணமகளின் விருப்பப் பாடல், மணமகனுக்காக!" என்று அவர் அறிவித்துவிட்டு, ஸ்டான்லியிடம் பாட்டைச் சொன்னார். ஸ்டான்லி தொடங்கவே இல்லை. மேடையைப் பார்த்தான். குணா பக்கத்தில் திரும்பினான். சுமதி சிரித்துக்கொண்டு, சரியான பாட்டைத்தானே கேட்டேன் என்பது போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்திடம் போய் கமர்ஷியல் என்றெல்லாம் எப்படிச் சொல்வது? குணா ஸ்டான்லியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான்.

கடற்கரைப் பாட்டு மண்டபத்தில் ஒலித்தது. பந்தியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். முடிந்ததும் பரிசு கொடுக்கிற வரிசையில் எனக்கு முன்னால் ஸ்டான்லி வெறுங்கையோடு வந்து நின்றான். போட்டோகிராபர் நிமிரச் சொல்லிக் கத்துகிறார், குணா அவன் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. கண் கலங்கியிருந்தது. குரலில் மட்டும் பழைய கறார்: "டிரம்ஸ்காரனை எங்கடா புடிச்சீங்க? இவ்ளோ நல்ல பாட்டைக் கெடுத்துட்டான்!"

புது வட்டு

தொண்ணூறுகளின் நடுவில் சிடி வந்து கேசட்டை ஓரங்கட்டியது. கோஷ்டியில் எல்லோருக்கும் வயதாகிவிட்டது. கரன்ட் இல்லாத வெறும் மரக் கிடார்களை வைத்து நிதானமாக ஒரு சிடி போட்டிருந்தார்கள். குணாவும் ஸ்டான்லியும் பழையபடி சேர்ந்தே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். இருவருக்கும் பிடித்திருந்தது. "பக்குவம் வந்துடுச்சுடா" என்றான் குணா. ஸ்டான்லி ஆமாம் என்றான். முதல்முறையாக இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்களே என்று நான் டீ சொல்லப் போனேன்.

சுமதி இடுப்பில் பிள்ளையோடு நின்று முழு சிடியையும் கேட்டாள். கல்யாணத்திலிருந்து அந்தக் கடற்கரை கேசட்டை நாடா தேயும்வரை போட்டுக் கேட்டவள் அவள். பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னிடம் தீர்ப்பு சொன்னாள்: "அந்த கேசட்டோட அவங்க கதை முடிஞ்சுதுக்கா. இப்ப சும்மா கமர்ஷியல்."

கேசட் கடையை எடுத்துவிட்டு அதே முன்னறையில் இப்போது கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறேன், தினமும் அரைத்த மாவையே அரைத்தால் சந்தோஷமாக வாங்கிப் போகிற ரசிகர்கள் எனக்கு இந்தத் தொழிலில்தான் கிடைத்திருக்கிறார்கள்.