இருநூற்று நான்கு சதுரங்கள்

மயிலாப்பூர் லஸ் முனை நடைபாதைக் கடையில் வாங்கிய அந்த வினாடி வினாப் புத்தகத்தைத் திறந்தாலே, மழையில் நனைந்து காய்ந்த தாளின் வாசனை மூக்கில் ஏறும். ஒன்பதாம் வகுப்பு முழுக்க நானும் என் வகுப்புத் தோழி பிலோமினாவும் அதைத்தான் மாற்றி மாற்றிப் படித்தோம். சாந்தோம் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்த அவள், அச்சில் இருப்பதை அப்படியே நம்பமாட்டாள். சதுரங்கப் பலகையில் சிறிதும் பெரிதுமாக மொத்தம் எத்தனை சதுரங்கள் என்ற கேள்விக்கு 240 என்று போட்டிருந்ததை, இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, 204 என்று பென்சிலால் திருத்தி வைத்தோம்.

அந்த வருடம் அடையாற்றில் ஒரு பள்ளியில் வினாடி வினாப் போட்டியின் இறுதிச் சுற்று. மூன்றாவது கேள்வியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது: "க்விஸ் மாஸ்டர்" படித்ததெல்லாம் எங்கள் புத்தகத்திலிருந்து, வரிசைகூட மாறாமல், வந்துகொண்டிருந்தது. அவர் முடிப்பதற்குள் நான் மணியை அடித்தேன். பிலோமினா மேசைக்கடியில் என் கையைப் பிடித்து, "சார்கிட்ட சொல்லிடலாம்டி, இது நம்ம புக்கு" என்றாள். நான் கையை உதறிக்கொண்டேன்.

அப்படியும் எதிரணி பல கேள்விகளில் எங்களை முந்திக்கொண்டதால், கடைசிக் கேள்விக்கு வந்தபோது இரண்டு அணிகளும் சமம். சதுரங்கப் பலகைக் கேள்வி. புத்தகத்து விடையா, எங்கள் விடையா என்று நான் மணியடிக்கத் தயங்கிய நேரத்தில், எதிரணியில் கண்ணாடி போட்ட ஒரு பையன் தாளில் விறுவிறுவென்று கூட்டி, மணியடித்து, "204 சார்" என்றான். அவர் தன் தாளைப் பார்த்துவிட்டு, "தப்பு, பாஸ்" என்று எங்கள் பக்கம் திரும்பினார். பிலோமினா வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன், "240."

கைதட்டல் எழுந்தது. அந்தப் பையன் எழுந்து, "ஒரு தடவை கூட்டிப் பாருங்க சார்" என்றான்.

"பேப்பர்ல இருக்கறதுதான்பா ஆன்சர், உக்காரு."

அவன் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தான். நாங்கள் கோப்பையை வாங்கும்போதும் கூட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பும் பேருந்தில் பிலோமினா, "இன்னாடி பண்ணிட்ட? அவன் சரியாத்தானே சொன்னான்?" என்றாள்.

"அவங்க பேப்பர்ல தப்பு இருந்தா நான் என்ன பண்றது?" என்றேன். அதற்குப் பிறகு மயிலாப்பூர் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை அவள் புத்தகத்தை டீச்சரிடம் காட்டினாள். "கப்பு வந்தாச்சில்ல, விடும்மா" என்றார் டீச்சர். அவள் விடவில்லை. நடந்ததையெல்லாம் அந்தப் பையனின் பள்ளிக்குக் கடிதமாக எழுதி, "நீயும் கையெழுத்துப் போடறியா?" என்று என்னிடம் நீட்டினாள். நான் மாட்டேன் என்றேன். அவள் "நாங்கள்" என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் அடித்து, "நான்" என்று மாற்றினாள். பத்து நாளில் அங்கிருந்து அவளுக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். அவள் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று நான் தி. நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வினாடி வினாக் கேள்விகளை நானே எழுதுகிறேன். போன மாதம் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், நீங்க சொன்ன ஆன்சர் தப்பு" என்றாள். போட்டியை நிறுத்திச் சரிபார்த்தேன், தப்புதான். எல்லார் முன்னாலும் சொல்லி, அவளுக்கு மதிப்பெண் கொடுத்தேன்.

அன்று மாலையே சாந்தோம் போனேன். பிலோமினாவின் ஓட்டு வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம் நின்றது. வாசல் காவலாளி, "யாரும்மா வேணும்?" என்று கேட்டார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

"அப்டி யாரும் இங்க இல்லியேம்மா" என்றார்.