பிடிபடத் தவித்த எதிரி

எதிரி காலையில் எழுந்து, பல் விளக்கி, மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, பூட்ஸ் கயிற்றைக் கட்ட உட்கார்ந்தார்.

எதிரி என்பது அவருடைய பட்டப்பெயர், உத்தியோகமும் அதுதான். விமானத் தளத்தைக் காக்கும் படையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பதுங்கவும், ஊரவும், சுற்றி வளைக்கவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுற்றி வளைக்க நடுவில் ஓர் ஆள் வேண்டாமா? முன்னொரு காலத்தில் இவருக்கு முழங்கால் பிசகியபோது, வேறென்ன செய்வதென்று தெரியாமல் தற்காலிகமாக எதிரியாக்கினார்கள். அரசாங்கத்தில் தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம் என்பது உங்களுக்கே தெரியும். இப்போது சமையற்கூடத்திலிருந்து சம்பள அலுவலகம் வரை, "எதிரி சாப்பிட்டாச்சா?", "எதிரிக்கு லீவு பாக்கி இருக்கா?" என்றுதான் பேச்சு. யாரோ ஒருவர் கல்யாணப் பத்திரிகையிலேயே "எதிரி குடும்பத்தாருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குடும்பத்தோடு போய் வாழ்த்திவிட்டு வந்தார்கள்.

நல்ல எதிரி அவர். புதரோடு புதராக உட்கார்ந்தால், பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைத்த சுபேதாருக்குக்கூட ஆள் இருப்பது தெரியாது. சுடப்பட்டால் உடனே விழமாட்டார். ரெண்டு அடி தள்ளாடி, வானத்தை ஒரு பார்வை பார்த்து, அப்புறம்தான் விழுவார். அந்தச் சாவைப் பார்க்கவே அலுவலக ஆட்கள் டீ கிளாசோடு வந்து நிற்பதுண்டு. இப்படி ஒரு வேலை அமைந்ததில் அவருக்கு உள்ளூர அபாரமான பெருமை.

அன்று காலை அந்தப் பெருமைக்குத்தான் சோதனை வந்தது.

"என்னங்க, இன்னைக்குத் தம்பிக்குப் பரீட்சை," என்றாள் மனைவி.

"தெரியும்."

"பிடிபட்டுருங்க."

"என்னடி, வர்றப்ப ரெண்டு சோப்பு வாங்கிட்டு வாங்கன்ற மாதிரி சொல்ற?"

"போன தடவை அவனைச் சுட்டுட்டீங்க. எங்கம்மா எங்கிட்ட ஒரு மாசம் பேசல."

"அது வெத்துத் தோட்டாடி."

"எங்கம்மா பேசாம இருந்தது நிஜம்."

தம்பி அக்கா வீட்டிலேயே தங்கி, அதே படையில் புதிதாகச் சேர்ந்திருந்தான். மச்சினன் பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷனை நடத்திக்கொண்டு போய், மதிய விசில் ஊதுவதற்குள் எதிரியைக் கண்டுபிடித்துப் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தோற்றாயிற்று. இன்றும் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அவனுடைய அப்பா தன் பெயிண்ட் கடையில் அவனுக்காக ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்திருந்தார்.

சரி, ஒருநாள் பிடிபட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு எதிரி பயிற்சி மைதானத்துக்குப் போனார். வாசலிலேயே கேப்டன் அம்மா மறித்தார். அன்றைய நடுவர் அவர்தான்.

"எதிரி, இங்க வாங்க. அந்தப் பையன் உங்க மச்சினன்தானே?"

"வீட்டம்மாவோட தம்பிங்க மேடம்."

"அதைத்தான் மச்சினன்னு சொல்லுவாங்க. விட்டுக்கொடுத்தீங்கன்னு தெரிஞ்சுதுன்னா, மெயின் கேட்ல நின்னு லாரிக்கு அடியில குனிஞ்சு பார்க்கிற வேலைதான் உங்களுக்கு. முழங்கால் எப்படி இருக்கு?"

"குனியற மாதிரி இல்லைங்க மேடம்."

"அப்ப ஒழுங்கா ஒளிஞ்சுக்கோங்க."

ஆக, பிடிபடவும் வேண்டும். விட்டுக்கொடுத்ததாகத் தெரியவும் கூடாது. எதிரி தன் படையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய படை மொத்தமும் ஒரே ஆள்: முகாமின் முடிதிருத்துபவர். ஆள் பற்றாக்குறை என்று அனுப்பியிருந்தார்கள். பச்சைச் சாயம் பூசிய முகத்தோடு, தொழில் பழக்கத்தில் எதிரியின் கிருதாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் மண்மேட்டுக்குப் பின்னாலிருந்த புதரில் படுத்தார்கள். இன்று பிடிபட்டாக வேண்டும் என்று எதிரி அவர் காதில் சொல்லிவைத்தார். கொஞ்ச நேரத்தில் செக்‌ஷன் வந்தது. ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, மச்சினன் நடுவில். நடை சுத்தமாகத்தான் இருந்தது.

"அண்ணே, உங்க பையில கண்ணாடி இருக்கா?" என்றார் எதிரி மெல்ல.

"கண்ணாடி இல்லாம நான் எங்கயும் போறதில்ல."

எதிரி அதை வாங்கி வெயிலில் ஓர் ஆட்டு ஆட்டினார். ஒளி பளிச்சென்று செக்‌ஷன் மேல் போய் விழுந்தது. மச்சினன் முஷ்டியை உயர்த்தினான். அத்தனை பேரும் தொப்பென்று தரையோடு தரையானார்கள். எதிரி நிம்மதியாக மூச்சு விடும்போது, காற்று மச்சினனின் குரலைக் கொண்டுவந்தது.

"எங்க மாமாவாவது, கண்ணாடியோட ஒளியறதாவது! எதிரி சுலபமா கண்ணுல பட்டான்னா, படணும்னு நினைச்சுத்தான் பட்டிருக்கான். இது பொறி. இடது பக்கமா ஒதுங்குங்க."

எதிரி கண்ணாடியைக் கீழே இறக்கினார். அந்த வாக்கியம் அவருடையது. தினமும் ராத்திரி சாப்பாட்டு மேசையில், குழம்பு ஆறினாலும் பரவாயில்லை என்று மச்சினனிடம் பீற்றிக்கொண்ட வாக்கியம். பையன் அதை வேதமாக எடுத்துக்கொண்டிருக்கிறான்!

"இருமுங்கண்ணே," என்றார்.

"எனக்கு இருமல் இல்லையே."

"வரவழைங்க!"

முடிதிருத்துபவர் இருமினார். நடிப்பில் ஆர்வம் உள்ளவர் போலிருக்கிறது. காசநோய் வார்டே எழுந்து உட்கார்ந்தது மாதிரி இருமினார்.

"ரெக்கார்ட் பண்ணிப் போட்டு விட்டிருக்காரு," என்றது மச்சினன் குரல். "இன்னும் தள்ளிப் போங்க."

எதிரிக்குப் பொறுக்கவில்லை. மேட்டின் மேல் ஏறி நட்ட நடுவாக நின்றார். பின்னால் வெறும் வானம். களப் பயிற்சியின் முதல் நாளே செய்யக்கூடாது என்று சொல்லித் தரும் காரியம். அவர் பார்க்க அதைச் செய்தவன் எவனும் சுடப்படாமல் தப்பியதில்லை.

"சார், அங்க ஒரு ஆளு!" என்றான் ஒருவன்.

"பொம்மை," என்றான் மச்சினன்.

"ஆடுது சார்."

"காத்து."

"தலையைச் சொறியுது சார்."

"கயிறு கட்டி இழுக்கிறாங்க. நீ எங்க மாமாவைப் பத்தி என்ன நினைச்சுட்டிருக்கே?"

செக்‌ஷன் எழுந்து, அழகாக வரிசை பிடித்து, எதிரே கிடந்த பழைய தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் புறப்பட்டது. அங்கே ஒரு ஓணான்கூடக் கிடையாது.

மேட்டின் மேல் நின்ற பொம்மைக்கு ரத்தம் தலைக்கேறியது. கோபம் பிடிபடாததால் அல்ல. இத்தனை காலத்தில் ஒரு செக்‌ஷனும் அவருக்கு இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு போனதில்லை. அந்த முதுகுகள் வெயிலில் வரிசையாக அசைந்து போவதைப் பார்த்ததும், மனைவி, மாமியார், பெயிண்ட் கடை எல்லாம் மறந்து போயின. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வறண்ட வாய்க்காலில் இறங்கினார்.

"எங்கண்ணே போறீங்க? பிடிபடணும்னு சொன்னீங்களே?"

"யாரு பொம்மை? நானா?"

ஊர்ந்தார். முழங்கால் கெஞ்சியது, காதில் வாங்கவில்லை. ஒரு கல் உருளவில்லை, ஒரு சருகு நொறுங்கவில்லை. வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அவர் ஊர்ந்ததே இல்லை. வாய்க்கால் விளிம்பில் துப்பாக்கியை மெல்ல நீட்டி, மச்சினனின் நடுமுதுகைக் குறி பார்த்தார்.

வரிசையில் கடைசியாகப் போனவன் ஒரு குண்டுப் பையன். கடைசி ஆள் அடிக்கடி திரும்பிப் பின்னால் பார்க்க வேண்டும் என்பது விதி. முக்கால்வாசிப் பேர் பேருக்குத் திரும்புவார்கள். இவன் திரும்பினான், பார்க்கவும் பார்த்தான்.

"பின்னாடி! வாய்க்கா!"

அடுத்து நடந்ததை எதிரியால் மறக்க முடியாது. மச்சினன் யோசிக்கவில்லை. பாதிப் பேர் விழுந்து வாய்க்காலைப் பார்த்துச் சுட ஆரம்பித்தார்கள். தலை தூக்க வழியில்லை. மீதிப் பேரை இழுத்துக்கொண்டு அவன் முள்ளுப் புதருக்குள் பாய்ந்து சுற்றிவந்தான். சட்டை கிழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. எதிரி நிஜமாகவே ஓடப் பார்த்தார். வாய்க்காலின் மறுமுனையில் மச்சினனின் பூட்ஸ் நின்றது.

"கையைத் தூக்குங்க மாமா."

விசில் ஊதியது. கேப்டன் அம்மா வந்து வாய்க்காலை எட்டிப் பார்த்தார்.

"முதல் மூணும் நாடகம். எனக்குக் கண்ணு இருக்கு," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "அதுக்கு ஒரு வாரம் மெயின் கேட்."

"நாலாவது, மேடம்?"

"அது நிஜம். உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே. பையன் பாஸ்."

சாயங்காலம் வீடு கலகலத்தது. பெயிண்ட் கடைக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். மாமியார் போனில் மருமகனையும் கூப்பிட்டு, நல்லா இருங்க மாப்பிள்ளை என்றார். மச்சினன் சாப்பாட்டு மேசையில் தட்டு, தம்ளர், உப்பு ஜாடி எல்லாவற்றையும் நகர்த்தி வைத்துப் போரை விளக்கினான்.

"மூணு பொறி வெச்சாரு அக்கா! மூணையும் தாண்டினேன். அந்தப் பொம்மைதான் கொஞ்சம் மட்டமான வேலை, மாமா. தப்பா நினைச்சுக்காதீங்க."

எதிரி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனவரின் கையை மனைவி பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்காகத்தானே விட்டுக்கொடுத்தீங்க?"

"இல்லடி. சத்தியமா நான் அவனைச் சுடத்தான் போனேன். அவன்தான் பிடிச்சுட்டான்."

"போங்க," என்று சிரித்தாள். "ஊரையெல்லாம் ஏமாத்துற மாதிரி எங்கிட்டயும் ஆரம்பிக்காதீங்க."

எதிரி இன்னொரு முறை சத்தியம் செய்யலாமா என்று யோசித்தார். அதற்குள் அவள் நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவருடைய தட்டை நோக்கிப் போய்விட்டாள். அவரும் பின்னாலேயே போய் உட்கார்ந்தார்.