படத்தில் இல்லாத தழும்பு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். திருப்பூரில் பனியன் மூட்டை தூக்கினேன், ஆந்திரா போகிற லாரியில் கிளீனராக இருந்தேன், கடைசியாகக் கேரளத்தில் ஒரு புரோட்டாக் கடை. அங்கேதான் கொதிக்கிற எண்ணெய் இடது கன்னத்தில் தெறித்தது. காதடியிலிருந்து தாடை வரை தோல் சுருங்கிக் கறுத்துப் போனது. ஒரு வாரம் படுத்திருந்தேன். எட்டாம் நாள் மறுபடி புரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றேன். முகத்தைப் பற்றி அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. ஊர் ஊராகப் போகிறவனை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

முப்பத்தாறு வயதில் சங்கரன்கோவிலில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவள் என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கல்யாணத் தரகரிடம் போனாள். கூடவே போட்டோ வேண்டும் என்றார் அவர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, இந்தக் கன்னத்தக் கொஞ்சம் சரி பண்ணிருதேன். கல்யாணப் போட்டோன்னா எல்லாருக்கும் பண்ணுததுதான்” என்றார் ஸ்டுடியோக்காரர்.

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் நாலு அமுக்கு அமுக்கினார், தழும்பைக் காணோம். பிறகு நிறம் ஏறியது. ஏறின நெற்றியில் முடி இறங்கியது. தாடை ஒடுங்கியது.

“ஏலே, நீயாலே இது? சினிமாக்காரன் கணக்கால்ல இருக்கே!” என்றாள் அக்கா.

எனக்கும் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். போனில் வைத்துக்கொண்டு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தேன். அதற்குப் பிறகு பைக் கண்ணாடியில் முகம் பார்க்கவே பயமாக இருந்தது. தழும்பு நாளுக்கு நாள் பெரிதாகிறது என்று தோன்றியது. டீக்கடையில் இடப்பக்கம் சுவர் இருக்கிற பெஞ்சாகத் தேடி உட்கார்ந்தேன். ஆறு வருடமாக என்னோடு கிடந்த தழும்பு, நேற்று வந்ததுபோல் உறுத்தியது.

திருவேங்கடத்தில் ஒரு பெண் வீட்டாருக்குப் போட்டோ பிடித்துவிட்டது. முதல் தடவை எங்கள் ஊர்க் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒத்துவரவில்லை என்றால், சாமி கும்பிட வந்ததுபோல் இரண்டு வீட்டாரும் போய்விடலாம். யாருக்கும் அவமானம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது.

அன்றைக்கு நானும் அக்காவும் கோயில் மண்டபத்தில் காத்திருந்தோம். தரகர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. “போட்டோதான் இருக்கே, அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க” என்று போனில் சொன்னார். தோளில் கிடந்த துண்டை இழுத்து இடது கன்னத்தை மறைத்தேன்.

அக்காவுக்கும் பயம். எங்கள் கோயில் புற்றுமண்ணைத் தோல் வியாதிக்காரர்கள் எடுத்துப் பூசிக்கொள்வது வழக்கம். அவளுக்கு என்ன தோன்றியதோ, கொஞ்சம் மண்ணைத் தண்ணீரில் குழைத்து என் கன்னத்தில் அப்பிவிட்டாள்.

“இப்பம் போயி எதுக்குக்கா?”

“சும்மா நில்லுலே. தழும்பும் மறையும், சாமியும் பாத்துக்கிடும்.”

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். அப்பா, அம்மா, பெண். பெண்ணின் போட்டோவை அக்கா காட்டியிருந்தாள். போட்டோவில் இருந்த மாதிரியேதான் இருந்தாள். அப்பா கையிலிருந்த போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்னைத் தாண்டித் தூணோரம் நின்ற வேறொருவரைப் பார்த்தார். அம்மாவின் கண் என் கன்னத்து மண்ணில் நின்றது. பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளி நிறுத்தினாள். வியாதிக்காரன் என்று நினைத்துவிட்டாள்.

“மணி பத்தரை ஆவுது. பையனக் காணுமே” என்றாள் அம்மா.

“வருவான். வெள்ளையா, நெத்தி நெறைய முடி. கூட்டத்துல நின்னாலே தெரியும்” என்றார் அப்பா.

எட்டித் தொடுகிற தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே வெளியே போய் பஸ் ஏறிவிடலாம். போவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அந்தப் பெண் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள், எங்குமே இல்லாத ஒருவனுக்காக. துண்டால் மண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் போனேன்.

“அண்ணாச்சி, நான்தான் அது.”

“எது?”

“நீங்க பாக்க வந்த ஆளு.”

போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்பம் இதுல இருக்கது யாரு? ஒம்ம தம்பியா?”

அக்கா ஓடி வந்தாள். “நோயெல்லாம் இல்ல அண்ணாச்சி, புரோட்டாக் கடையில எண்ண தெறிச்சது. போட்டோ அந்த ஸ்டுடியோக்காரன் பண்ணுன கூத்து.”

“வெள்ளையடிக்கச் சொன்னா புது வீடே கட்டிட்டானாக்கும்” என்றார் அவர். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பெண் சிரிக்கவில்லை. என் கன்னத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். “இத எடுக்கச் சொன்னது நீங்களா?”

“இல்ல. வேண்டாம்னும் சொல்லல.”

“ஒங்களுக்கே இது வேண்டாம்னா, நான் எப்படி வேணும்னு சொல்லுவேன்?”

கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். பிறகு, சாமி கும்பிட வந்ததுபோல் மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். “பொண்ணு வீட்டுல தழும்பு பெரிய விசயமில்லங்காவ. மறைச்சதுதான் பிடிக்கலையாம். இன்னும் என்னெல்லாம் மறைச்சிருக்கானோன்னு பயப்படுதாவ.”

அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு சிவகிரியில் ஒரு இடம் இருக்கிறது என்று தரகர் சொல்லியனுப்பினார். வாசலில் வெயிலுக்கு இடது கன்னத்தைக் காட்டி நின்று, அக்காவின் போனிலேயே எடுக்கச் சொன்னேன். படத்தில் தழும்பு கண்ணாடியில் தெரிவதைவிடக் கறுப்பாக விழுந்திருந்தது.

“இதயாலே அனுப்பச் சொல்லுதே? கொஞ்சமாச்சும்...”

“அனுப்புக்கா.”

அனுப்பினாள். தரகர் பார்த்துவிட்டார் என்பதற்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அக்கா போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் எடுத்து, படம் தெரியும்படி நிமிர்த்தி வைத்தேன்.