பிரிசில்லா சொல்லாத நம்பர்

எங்கள் வார்டு கவுன்சிலர் பிரிசில்லாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் அவளுக்கு ஓட்டுப் போட்டவன், அதனால் திட்டவும் எனக்கு உரிமை உண்டு. எங்கள் தெருவில் வளர்ந்த பிள்ளை என்பதால் 'அவள்' என்றே சொல்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற வழியில் எங்கள் பேரூராட்சி. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளை, வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் கட்சி நிறுத்தியது. ஜெயித்த கையோடு அவள் ஒரு நல்ல காரியம் செய்தாள். லாரி மோதிக் காலை இழந்த ராஜாமணிக்கு, பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்கடை போட சிபாரிசு செய்தாள். நாங்கள் கை தட்டினோம்.

கடையில் பிஸ்கட் இருந்தது, வாழைப்பழம் இருந்தது. வியாபாரம்தான் வேறு. மூணு நம்பர்! பக்கத்து மாநில லாட்டரிக் குலுக்கலில் விழப்போகும் கடைசி மூன்று இலக்கத்தைச் சரியாகச் சொன்னால் பணம். தப்பானால் அன்றைய கூலி போச்சு. மாடி வீட்டுக்காரர்கள் இருக்கும் நகரில் அப்படி ஒரு கடை கிடையாது. கூலிக்காரர்கள் இருக்கும் எங்கள் பக்கத்துக்குத்தான் அந்த யோகம்.

சித்தாள் வேலைக்குப் போகும் செல்லாயி ஒருநாள் பிரிசில்லா வாசலில் நின்று அழுதாள்.

"பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருந்தத எல்லாம் எங்க வூட்டுக்காரரு அந்தக் கடையில வுட்டுட்டாருக்கா. நீங்கதான் அத மூடணும்."

பிரிசில்லா கிளம்பினாள். "நான் எழுதிக்கிற ஆளு மட்டும்தாங்க்கா, மேல இருக்கிறவங்களக் கேளுங்க" என்றான் ராஜாமணி. மேலே யார் என்றதும் பிஸ்கட் பாட்டிலைத் துடைக்க ஆரம்பித்தான். போலீஸ்காரர், "நாங்க புடிக்கிறோம், ஃபைன் கட்டிட்டு வந்துடுறாங்க. உங்க கட்சியில சொல்லுங்கம்மா" என்றார். கட்சிப் பெரியவர் சிரித்தார். "லாட்டரியத்தான் தடை பண்ணியாச்சேம்மா! இல்லாத கடைய எப்படி மூடுறது?"

யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கை காட்டினார்கள்.

மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசினாள். "எங்க வார்டுல இருநூத்தி முப்பத்தெட்டு வீடு. எல்லார் கூலியும் அந்தக் கடைக்குத்தான் போவுது." தலைவர் பார்க்கலாம் என்றார். அந்தப் பேச்சை யாரோ போனில் எடுத்து அனுப்ப, நாலைந்து பேர் விளையாட்டாக 238 கட்டினார்கள். அன்று மத்தியானம் அதுவே விழுந்தது!

தெருவில் வெடி வெடித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் வாசலில் கூட்டம். சாக்கடையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "கரண்ட் பில்லு எவ்ளோக்கா வந்துச்சு?" என்கிறார்கள். "புது வண்டி நம்பர் என்னக்கா?" என்கிறார்கள். ராஜாமணிக்கு வியாபாரம் இரட்டிப்பானது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பாவம், அவள் எண்ணே இல்லாமல் பேசப் பழகினாள். எதைக் கேட்டாலும் "கொஞ்சம்", இல்லாவிட்டால் "ஜாஸ்தி".

அடுத்த கூட்டத்தில் கடையை எடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தாள். பின் பெஞ்சில் எங்கள் தெருக்காரர்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள், நானும்தான்.

"கடை நம்பரச் சொல்லுங்கம்மா" என்றார் தலைவர்.

பிரிசில்லா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னால் அந்த எண்ணையும் கட்டிவிடுவார்கள். சொல்லாவிட்டால் தீர்மானம் கிடையாது.

"பஸ் ஸ்டாப் கடைங்க."

"அங்க நாலஞ்சு இருக்கே. எது?"

"நான் சிபாரிசு பண்ண கடைங்க" என்றாள். "அதக் கொண்டாந்து அங்க வெச்சது நான்தான்."

"அப்போ தப்பு உங்களோடதுதானே?" என்றார் ஒரு கவுன்சிலர்.

"ஆமாங்க. வேற யாரும் நான்தான்னு சொல்லலியே."

தீர்மானம் நிறைவேறியது. அன்று எனக்கு அவள்மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது.

வெளியே செல்லாயி நின்றிருந்தாள். விஷயம் தெரிந்ததும் பிரிசில்லாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்கக்கா" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கட போனா போன்லயே எழுதிக்கிறேன்னு ராஜாமணி சொல்லிட்டான். பொண்ணு ஃபீஸ மட்டும் மீட்டுட்டா போதும்க்கா, அப்புறம் அந்தப் பக்கமே போவ மாட்டோம். இந்தத் தீர்மானத்துக்கு ஒரு நம்பர் போட்டிருப்பாங்கல்ல, அது என்ன நம்பருக்கா?"

அவளைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று பிரிசில்லாவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியவில்லை.